முயல் ஒட்டிய வயர்

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள அவர் எங்கள் ஆபீசில் சேர்ந்த நாலாம் நாள் யாரோ பிரிண்டருக்குள் டீயைக் கொட்டிவிட்டார்கள். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் ஆபீஸ் அது. ஐந்து கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சர்வர், ஒன்பது பேர். பிரிண்டரிலிருந்து லேசாகப் புகை வந்ததும் அத்தனை பேரும் "நான் இல்ல" என்றோம். எல்லோருக்கும் முந்திச் சொன்னவன் நான். உண்மையிலேயே நான் கொட்டவில்லை. ஆனாலும் முந்திக்கொள்வது என் சுபாவம்.

அவர் எங்கள் முகங்களைப் பார்க்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "எங்கன ஊத்துச்சு? மேலயா, பக்கவாட்டுலயா?" என்று மட்டும் கேட்டார்.

"பக்கவாட்டுல" என்று வாய்விட்டுவிட்டு, டெஸ்பாட்ச் பார்க்கும் காதர் பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் பக்கவாட்டு மூடியைத் திருகிக் கழற்றி, பழைய துணியால் ஒற்றியெடுத்து, பிரிண்டரை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தார். எங்கள் ஊர் வெயிலில் ரெண்டு நாள் கிடந்தது; பிழைத்துக்கொண்டது. காதர் பாயிடம் அதைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பாய்தான் மனசு கேட்காமல் மறுநாள் அவருக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வந்தார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரை நான் கெடுத்தவரை போதும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய பெண். அப்போதெல்லாம் "அந்தப் புள்ள" என்றுதான் சொல்வேன், நீ வா போ என்றுதான் பேசுவேன். இப்போது எழுத உட்கார்ந்தால் "அவர்" என்றுதான் வருகிறது. வேறு எப்படி எழுதினாலும் கை கூசுகிறது.

புதூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் இரண்டு எவர்சில்வர் டப்பா. ஒன்றில் சாப்பாடு, இன்னொன்றில் ஸ்குரூடிரைவர், பெயின்ட் பிரஷ், டேப், சின்னக் கத்தரி. அடுத்தவர் சாப்பாட்டை ருசி பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் டப்பா மாற்றித் திறந்து திருதிருவென்று முழித்தேன். அதைப் பார்த்துவிட்ட அவர் சிரித்துக்கொண்டே, "உப்பு கொறச்சலா இருக்கும் அண்ணாச்சி" என்றார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்.

மேஜைகளுக்கு அடியில் எங்கள் வயர்கள் இடியாப்பம் மாதிரி கிடக்கும். எது எந்தக் கம்ப்யூட்டருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. நம்பர் எழுதி ஒட்டிப் பார்த்தார், நாங்கள் மறந்துபோனோம். அப்புறம் ஒரு சனிக்கிழமை, கம்பெனியின் பழைய தீப்பெட்டி லேபிள்களை எடுத்து ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒட்டினார். காதர் பாய்க்கு மயில். மற்ற மூன்று மேஜைகளுக்குத் தாமரை, ரேடியோ, பலாப்பழம். சர்வருக்கு யானை. எனக்கு முயல்.

"என்னம்மா, கிளி ஜோசியமா? முயலுக்கு என்ன பலன் போட்டிருக்கு?" என்று கேலி செய்தேன்.

"பலன்லாம் தெரியாது அண்ணாச்சி. நான் ஊர்ல இருந்து போன் போட்டு 'முயலப் புடுங்குங்க'ன்னு சொன்னா முயல மட்டும் புடுங்கணும். ஆஃப் பண்ணக் கூடாது, வேற எதையும் தொடக் கூடாது. அம்புட்டுதான்."

அதற்குப் பிறகு ஆபீசில் யாரும் கம்ப்யூட்டர் என்றே சொல்லவில்லை. "பலாப்பழம் தொங்கிருச்சு", "யானை மெதுவா போவுது" என்றுதான் பேச்சு.

யார் செய்தது என்று ஏன் கேட்பதே இல்லை என்று ஒருமுறை நானே அவரிடம் கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடைக்கப் போனாவ. அங்கன ஒரு பெட்டி ஒரசிப் பத்திக்கிட்டா, ஒடனே கத்தணும். கணக்குப்புள்ள ஓடி வந்து 'எங்கன?'ன்னுதான் கேப்பாராம். யாருன்னு கேக்க மாட்டாராம். ஒருக்க புதுசா வந்த ஒருத்தர் 'எவ அவ?'ன்னு கத்திட்டாரு. அடுத்த தடவ பத்துனப்ப ஒரு புள்ள பயந்துபோயி பாவாடையப் போட்டு அமுக்கியிருக்கு. வாயத் தொறக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எங்கம்மாவுக்கு எடது கையில ரெண்டு வெரலு ஒட்டிப்போயிருக்கும். நீங்க பாத்ததில்லல்லா. பக்கத்துல இருந்தது அவியதான்."

நான் "ம்" என்றேன். டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரைக் கொஞ்சம் திட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனியில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய லேபிள்கள் கிடந்தன. முப்பது நாற்பது வருஷத்துச் சரக்கு. வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்குப் பழைய படமே வேண்டும். முயலின் காது கொஞ்சம் மாறினாலும் போலி என்று அவர்கள் ஊர்க் கடையில் வாங்க மாட்டார்களாம். பெட்டிக்குள் பூச்சி அரித்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே அவர் சனிக்கிழமை மத்தியானங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு லேபிளையும் பிரஷ்ஷால் தூசி தட்டி ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றினார். இரண்டு வருஷம் ஆயிற்று. முடிந்ததும் முதலாளி, "அதான் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சுல்ல" என்று மிச்சக் காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். வயர்களில் ஒட்டியவை மட்டும் தப்பின. அவர் முகம் அன்றைக்குச் சுண்டிப்போனது. "ஒரு டிஸ்க்ல காப்பி வச்சிருக்கேன், பரவால்ல" என்றார். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அந்த டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவார். இரண்டாவது டிஸ்க் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தார். தீபாவளி கழியட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

இனி என் கதை. எங்கள் முதலாளிக்கு என் கை ராசியான கை. நான் ஏற்றுமதிப் பேப்பர்கள் பார்ப்பவன். ஒரு விஜயதசமியன்று நல்ல நேரத்தில் முதல் மெயிலைத் திறந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. அதிலிருந்து வருஷா வருஷம் அது சடங்காகிவிட்டது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பரப்பி, மறுநாள் நல்ல நேரம் பார்த்து என்னை உட்கார வைத்துத் திறக்கச் சொல்வார். "எங்கலே நம்ம ராசிக்காரன்?" என்று அவர் கூப்பிடும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். படிப்பிலும் சம்பளத்திலும் வராத ஒரு மரியாதை அதில் எனக்கு வந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அந்த ஒரு நாளுக்காக மற்ற நாள்களைக் கழித்தேன்.

லேபிள் வேலை முடிந்த வருஷம் பூஜை லீவுக்கு அவர் தன் கிராமத்துக்குப் போகும்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். "லீவுல வாற மெயில்ல இருக்க ஃபைல் எதையும் தொறக்காதிய. நான் வந்து பாத்துக்கிடுதேன்."

விஜயதசமி காலை. நல்ல நேரத்துக்கு உட்கார்ந்தேன். ஒரே ஒரு புது மெயில். பார்ட்டி பெயர் தெரிந்த பெயர் போலத்தான் இருந்தது. புது ஆர்டர், விவரம் இணைப்பில் என்று இங்கிலீஷில் இருந்தது.

"முதலாளி, ஆர்டர் வந்துட்டு!" என்று கத்தினேன்.

முதலாளி கையில் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலை என் வாயில் ஊட்டிவிட்டார். இணைப்பைத் தட்டினேன். கறுப்பாக ஏதோ மின்னி மறைந்தது. மறுபடி தட்டினேன். மூன்றாவது முறையும் தட்டினேன். ஒன்றும் திறக்கவில்லை.

"பெரிய ஃபைலு போல முதலாளி. தொறக்க நேரமாவுது."

"ஆவட்டும்லே. பெரிய ஆர்டர்னா நேரமாவத்தான செய்யும்."

மூன்றாம் நாள் காலை. அவர் ஊரிலிருந்து வந்து பையை வைக்கக்கூட இல்லை, அதற்குள் காதர் பாய் சத்தம் போட்டார். "ஏம்மா, இங்க வந்து பாரு. என் ஃபைலுக்கெல்லாம் பேருக்குப் பின்னால வாலு மொளச்சுக் கெடக்கு. ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு."

அவர் எட்டிப் பார்த்தார். திரையில் இங்கிலீஷில் ஒரு மிரட்டல் கடிதம். பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம் என்று. அடுத்த நொடி, "யானையப் புடுங்குங்க! எல்லாத்தையும் புடுங்குங்க! ஆஃப் பண்ணாதிய, வயர மட்டும்!" என்று கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

எல்லோரும் மேஜைக்கு அடியில் குனிந்தார்கள். எனக்கு விஜயதசமியன்று திரையில் கறுப்பாக மின்னி மறைந்தது ஞாபகம் வந்துவிட்டது. அத்தனை பேரும் குனிந்திருந்த அந்த நேரத்தில் நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த மெயிலை அழித்தேன். அழித்த இடத்திலிருந்தும் அழித்தேன். பிறகு குனிந்து முயலைப் பிடுங்கினேன்.

அவர் நடுவில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"யாரு என்ன செஞ்சாவன்னு எனக்கு வேண்டாம். மொதலாளிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கன ஆரம்பிச்சுதுன்னு மட்டும் தெரியணும். மயிலா, தாமரையா, ரேடியோவா, பலாவா, முயலா? ஒரு வார்த்த சொல்லுங்க. அதக் கண்டுபுடிக்காம காப்பிய எடுத்துப் போட்டா, அதுவும் போயிரும்."

முந்திக்கொண்டு பேசுகிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சர்வரும் நான்கு கம்ப்யூட்டரும் போய்விட்டன. என்னுடையதில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்தன. திருடன் தான் நுழைந்த கதவை உடைக்காமல் விட்டிருக்கிறான் என்பது இன்றைக்குப் புரிகிறது. அவருக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்தது.

"எதுக்கும் முயலையும் தொடச்சிருவோம் அண்ணாச்சி" என்றார்.

"எதுக்கும்மா? நல்லாத்தான இருக்கு. நாளக்கழிச்சுக் கன்டெய்னர் தூத்துக்குடி போவணும். பேப்பர் பூரா இதுலதான் கெடக்கு."

அந்தப் பக்கம் வந்த முதலாளி, "அவன் மெஷின்ல கைய வைக்காதம்மா. அது ராசியான மெஷினு. பாரு, அது மட்டும் தப்பிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் இவர் என் மேஜை அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"லீவுல ஒண்ணும் தொறக்கலல்லா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"நிச்சயமா?"

"ஏம்மா, எம்மேல நம்பிக்கை இல்லையா ஒனக்கு?"

இதைச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். பொய் சொன்னதோடு நிற்காமல் அவரைக் குற்றவாளியாக்கினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சே, அப்பிடியில்ல அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரி" என்றார்.

என்ன போயிருக்கும் எனக்கு? வேலை போயிருக்காது. முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். நல்ல நேரத்தில் திறந்து விஷத்தை உள்ளே விட்டவன் என்று ராசிக்காரன் பட்டம் போயிருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு வாய்ப் பொங்கலுக்காக நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் அவர் வீட்டுக்கும் சரியாகப் போகவில்லை. சர்வரையும் நாலு கம்ப்யூட்டரையும் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். மூன்றாம் நாள் மத்தியானம் வயர்களைச் செருகினார், முயலையும் செருகினார். பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்து யானையில் மாட்டினார். பிரதி ஏற ஆரம்பித்தது. தாமரை மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். "வந்துட்டு, லேபிளெல்லாம் வந்துட்டு" என்று காதர் பாயிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, நாம் சொல்லாததும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

டப்பாவைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார். பெயர்களுக்கு மறுபடி வால் முளைத்திருந்தது. சர்வரில் மட்டுமில்லை, டிஸ்க்கிலும். வயரைப் பிடுங்கினார். தாமதமாகிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சர்வருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கை டிஸ்க்கில் படாமல் இருக்கச் சேலை முந்தானையால் பிடித்திருந்தார். போனது போன பிறகும் அந்தக் கவனம்.

அப்புறம் எழுந்து சர்வர் திரையில் எது எங்கிருந்து வந்தது என்ற பதிவை வரிவரியாகப் படித்தார். படித்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் மேஜைக்கு அடியில் தொங்கிய முயலைப் பார்த்தார். பார்த்துவிட்டு டப்பாக்களைப் பையில் வைத்தார்.

மறுநாள் முதலாளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். முதலாளிக்குக் கண்ணில் அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. "நீ படிலே" என்று என்னிடம் நீட்டினார். எல்லோரும் இருந்தார்கள், அவரும் நின்றார். நான் படித்தேன்: "எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்த பிறகுதான் டிஸ்க்கை மாட்டியிருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டேன். இருந்த ஒரே பிரதியும் அதனால் போயிற்று. தவறு என்னுடையது."

எந்த ஒன்று என்று எழுதவில்லை. என் குரல் நடுங்கவும் இல்லை. பேப்பர் படிப்பதுபோல நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "ஒன்றை" என்ற இடத்தில் முதலாளி என்னை நிறுத்தி, "எத விட்டுச்சாம்?" என்று கேட்டார். "தெரியல முதலாளி" என்றேன்.

அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து முதலாளி அவரிடம் நேராகப் பேசவில்லை. எதுவானாலும் என்னிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொன்னார். ஒரு வாரம் அப்படி இருந்தார். பிறகு வரவில்லை. ஊரில் மற்றத் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் கேட்டுப் பார்த்தாராம். "லேபிளப் பூரா தொலச்ச புள்ள" என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்விட்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து ஆள் வந்து என் கம்ப்யூட்டர் உட்பட எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆர்டர் என்னவாயிற்று என்று முதலாளி ஒருநாள் கேட்டார். பார்ட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். இரண்டு தடவையும் என் மெஷினுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலாளி போகிற இடமெல்லாம் சொன்னார். என் ராசி முன்னைவிடக் கூடிப்போனது. இன்றைக்கு வெளிநாட்டுக்குப் போகும் முயல் லேபிள், என் வயரின் ஒரு முனையிலிருந்து நனைத்து உரித்துப் புதிதாக ஸ்கேன் செய்ததுதான்.

இந்த ஆவணியில் மனைவியின் நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கக் கயத்தாறு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை வயர்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தீப்பெட்டி லேபிள். அப்படியே திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள், "வாங்க அண்ணாச்சி. வீட்ல அக்கா நல்லாருக்காவளா?" என்றார்.

காது ஓரம் நரை வந்திருந்தது. எனக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தார். வேறு ஆள் இல்லை. நாலு வருஷமாக உள்ளுக்குள் சொல்லிப் பார்த்திருந்தது எல்லாம் தாறுமாறாக வந்தது.

"அம்மா, அன்னைக்கு... அந்த மெயிலத் தொறந்தது நாந்தாம்மா. விஜயதசமி அன்னைக்கு. நாந்தான்."

அவர் பேப்பரை ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்தார்.

"இது 'யாரு'ங்கிறதுக்குப் பதிலுல்லா அண்ணாச்சி. அத நான் கேக்கவே இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எங்கனன்னுதான கேட்டேன். முயல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்."

எனக்குத் தலை நிமிரவில்லை. கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் பாஸ்போர்ட் போட்டோக்கள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றார். "எங்கம்மா போன வருசம் தவறிட்டாவ. கடைசி வரைக்கும் நான் கவனமில்லாம வேலையத் தொலச்சேன்னு நெனச்சுட்டுத்தான் இருந்தாவ. நீங்க சொல்லணும்னா மொதலாளிட்டச் சொல்லுங்க. நாலு பேர் இருக்கும்போது சொல்லுங்க. பஸ் நிக்கி பாருங்க, போங்க."

சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். மறுநாள் முதலாளிக்குக் காய்ச்சல். அதற்கடுத்து அவர் மகள் வீட்டு விசேஷம். அப்படியே புரட்டாசி வந்தது. நாலு பேர் இருக்கும்போது என்றாரே, விஜயதசமியன்றே சொல்லிவிடலாம், எல்லோரும் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் இருந்தார்கள். காதர் பாய் பொரிகடலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதிதாகச் சேர்ந்த இருவர் இதென்ன சடங்கு என்று எட்டிப் பார்த்தார்கள். முயலுக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு. எங்கலே நம்ம ராசிக்காரன்?"

"இந்தா வாரேன் முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.